பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸை மறுபடி படித்து விமர்சனம் எழுதுவது எப்படி?

சேகரிப்பில் கிடக்கும் பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸை எடுத்து விமர்சனம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். கையில் இருக்கும் இதழை விட்டுவிட்டு, தலைக்குள் இருக்கும் இதழைப் பற்றி எழுதிவிடுவார்கள்.

ஒரு சின்ன சோதனை. பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் சேர்ந்தே வரும் என்ற ஸ்பைடர்மேன் வசனத்தைச் சொன்னது யார் என்று எந்த ரசிகரையும் கேளுங்கள். யோசிக்காமல் ‘அங்கிள் பென்’ என்பார், ஸ்பைடர்மேனாக மாறும் பையன் பீட்டரை வளர்த்த பெரியவர். ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15-வது இதழை எடுத்துப் பாருங்கள். 11 பக்கக் கதை. அதில் அங்கிள் பென் அப்படி எதுவும் சொல்வதில்லை. அது கடைசிப் படக்கட்டத்தில், பீட்டர் தனியாக நடந்து போகும்போது, கதை சொல்பவரின் வரியாக வருகிறது. பிற்காலக் கதைகளும் படங்களும் சேர்ந்து அதைப் பெரியவர் வாயில் வைத்துவிட்டன. அது மாற்றி விடுகிற விஷயம் கொஞ்சநஞ்சமல்ல. மூலத்தில் அந்தப் பையனுக்கு அறிவுரை சொல்ல யாருமே இல்லை; தாமதமாகத் தானே புரிந்துகொள்கிறான். மறுவாசிப்பு விமர்சனத்தின் வேலை இந்த மாதிரி இடங்களைக் கண்டுபிடிப்பதுதான். கதைச்சுருக்கம் தேவைப்படுபவர்களுக்கு அது வேறு எங்கும் கிடைக்கும்.

முதலில் எதை எடுப்பது?

சேகரிப்பிலேயே பெருமைக்குரிய இதழை முதலில் எடுக்காதீர்கள். அதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே நூறு கருத்துகளைக் கேட்டிருப்பீர்கள், உங்கள் கருத்து எது என்பது உங்களுக்கே தெரியாது. ஒரு காலத்தில் பிடித்திருந்தது, ஆனால் இப்போது பாதி மறந்துவிட்டது என்ற ரகம்தான் ஆரம்பத்துக்கு நல்லது. நீளமும் கட்டுக்குள் இருக்கட்டும். தனி இதழ், அல்லது நான்கைந்து இதழில் முடியும் கதை. கிறிஸ் கிளேர்மான்ட் 1975-இல் தொடங்கி 1991 வரை ‘எக்ஸ்-மென்’ எழுதினார். அந்த முழு ஓட்டத்தையும் மறுபடி படித்து எழுதப் போகிறேன் என்று முதல் நாளே கிளம்பினால், இரண்டாம் மாதம் பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில் போய்விடும். அதில் ஒரே ஒரு கதையை எடுங்கள், போதும்.

பல தொடர்களில் பரவி ஓடும் கிராஸோவர் கதைகளையும் தள்ளி வையுங்கள். உங்களிடம் மூன்று இதழ் இருக்கும், கதை முப்பது இதழில் ஓடும். அரைகுறையாகப் படித்துவிட்டுக் கதை புரியவில்லை என்று குற்றம் சொல்வது நியாயமில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் மதிப்பெண் போட்டு நிரந்தரமாக அடைத்த பிரதி என்றால் அதை உடைக்க வேண்டாம், மறுபதிப்பில் படித்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன் ஒரு அரைப் பக்கம்

இந்த ஒரு படியை மட்டும் தவிர்க்காதீர்கள். மற்றதெல்லாம் கூடக்குறைய இருக்கலாம்.

இதழைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன், அதைப் பற்றி நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். எந்தக் காட்சி முதலில் கண் முன் வருகிறது? வில்லன் யார், எப்படித் தோற்றான்? முடிவு என்ன? எந்த வயதில் படித்தீர்கள், அப்போது எதற்காகப் பிடித்தது? ஒரு வசனம் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள், சரியா என்று பார்க்காமலே. இதில் எது காமிக்ஸில் படித்தது, எது சினிமாவில் அல்லது கார்ட்டூனில் பார்த்தது என்று சந்தேகமாக இருக்கும் இடங்களில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். கேள்விக்குறிகள் நிறைய விழும். அட்டையைக்கூடப் பார்க்காமல் எழுத வேண்டும். அட்டையைப் பார்த்த நிமிடமே நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கிவிடும். எழுதியதை மடித்து ஓரமாக வையுங்கள். படித்து முடிக்கும்வரை தொடக் கூடாது.

பிரதியைக் கையாள்வது

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள், கையுறை வேண்டாம். கையுறை போட்டால் தாளின் ஓரம் தெரியாது, கிழிப்பதற்கு அதுவே வழி. பையின் வாயை மூடியிருக்கும் டேப்பை முழுசாக உரித்துத் தூரமாக ஒட்டி வையுங்கள். பாதி உரித்த டேப்பில் அட்டை சிக்கினால் மேல்தாள் அப்படியே பிய்ந்து வரும். மேசை மேல் வைத்துப் படியுங்கள். அட்டையைப் பின்பக்கமாக மடித்து ஒரு கையில் பிடித்துப் படிக்கும் பழக்கம் இருந்தால், அது புதுப் பிரதிகளோடு நிற்கட்டும். பழைய பிரதியின் முதுகும் பின் அடித்த இடமும் அதைத் தாங்காது. பழைய செய்தித்தாள் ரகத் தாளில் அமிலம் அதிகம், வெயில் பட்டால் இன்னும் வேகமாகப் பழுப்பேறும். புரட்டும்போது ஓரம் பொடிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபதிப்புக்கு மாறுங்கள். திரும்ப வைக்கும்போது அமிலமற்ற அட்டை பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, செங்குத்தாக நிறுத்துங்கள். பராமரிப்புக்கு இது போதும்.

சின்ன எழுத்தைப் படியுங்கள்

முதல் பக்கத்தின் அடியில் அல்லது அட்டையின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். தொடரின் அதிகாரபூர்வப் பெயர், இதழ் எண், மாதம், வெளியிட்ட நிறுவனம் எல்லாம் அதில் இருக்கும். அட்டையில் இருக்கும் பெயரை நம்ப முடியாது. ‘அன்கேனி எக்ஸ்-மென்’ என்று அட்டையில் போடத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் உள்ளே ‘எக்ஸ்-மென்’ என்றே இருந்தது.

மாதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அட்டையில் அச்சடித்த மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல. பொதுவாக இரண்டு மாதமாவது தள்ளிப் போட்டிருப்பார்கள். சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் 1938 ஜூன் என்று இருக்கும், விற்பனைக்கு வந்தது ஏப்ரலில். அந்தக் கால நிகழ்வு ஒன்றோடு கதையை முடிச்சுப் போட ஆசைப்பட்டால், முதலில் மாதங்களைப் பின்னால் எண்ணிவிட்டு அப்புறம் போடுங்கள்.

யார் எழுதினார், யார் வரைந்தார் என்பதில் இன்னும் கவனம் தேவை. பேட்மேன் கதைகளில் உருவாக்கியவர் என்று பல பத்தாண்டுகள் பாப் கேன் பெயர் மட்டுமே வந்தது. பில் ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015-இல்தான். அறுபதுகளின் மார்வெல் இதழில் ‘எழுத்து: ஸ்டான் லீ’ என்று பார்த்தால் அவர் முழு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார் என்று அர்த்தமாகாது. அங்கே பெரும்பாலும் கதையின் போக்கைப் பேசிக்கொள்வார்கள். ஜாக் கர்பியோ ஸ்டீவ் டிட்கோவோ பக்கம் பக்கமாக வரைவார்கள். வசனம் கடைசியில் ஏறும். ஆகவே அருமையாக ஓடும் ஒரு சண்டைக் காட்சிக்குக் கதாசிரியரை மட்டும் பாராட்டினால் பாதிப் பாராட்டு தவறான விலாசத்துக்குப் போகும். இதழிலேயே பெயர்கள் இல்லாவிட்டால், தன்னார்வலர்கள் சேர்த்துவரும் ‘கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்’ கைகொடுக்கும்.

அட்டையின் மூலையில் தபால்தலை மாதிரி ஒரு முத்திரை இருக்கிறதா? அது 1954-இல் வந்த காமிக்ஸ் கோட் அமைப்பின் ஒப்புதல். எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. குற்றவாளி தண்டனையிலிருந்து தப்பக் கூடாது என்பதும் அதில் ஒன்று. அறுபதுகளின் கதை ஒன்று கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒழுங்குப்பிள்ளையாகிவிட்டால், கதாசிரியரைத் திட்டுவதற்கு முன் அந்த மூலையைப் பாருங்கள். 1971-இல் போதைப்பொருளைப் பற்றிய கதைக்காக ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 96 முதல் 98 வரையான இதழ்கள் அந்த முத்திரை இல்லாமலே வந்தன. அதே ஆண்டு விதிகள் தளர்த்தப்பட்டன.

இரண்டு முறை படிக்க வேண்டும்

முதல் முறை குறிப்பு எடுக்காமல், நிறுத்தாமல். விளம்பரம், வாசகர் கடிதம் எதையும் தாண்டக் கூடாது. அந்தக் கடிதங்களில் அன்றைய வாசகர்கள் இரண்டு மூன்று இதழுக்கு முந்தைய கதையைப் பிரித்து மேய்ந்திருப்பார்கள். இன்று காவியம் என்று கொண்டாடப்படும் கதையை அன்றைக்கு ஒருவர் கழுவி ஊற்றியிருப்பதைப் பார்க்கும் சுகமே தனி.

இரண்டாம் முறை பென்சிலும் தனித்தாளும் வேண்டும். (இதழின் மேல் கோடு போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.) இந்த முறை கதையைப் பின்தொடராமல் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை கட்டங்கள்? எங்கே எண்ணிக்கை குறைகிறது? எங்கே ஒரே படம் முழுப் பக்கத்தையும் பிடிக்கிறது? எண்ணுவது மந்தமான வேலையாகத் தோன்றும், ஆனால் சில விஷயங்கள் எண்ணினால்தான் கண்ணில் படும்.

1992 இறுதியில் வந்த சூப்பர்மேன் மரணத்தையே பாருங்கள். டான் யூர்கன்ஸ் உருவாக்கிய ‘சூப்பர்மேன்’ 75-வது இதழை மட்டும் கையில் வைத்திருப்பவர், ‘பக்கத்துக்கு ஒரே படம், வெறும் போஸ்டர் புத்தகம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது’ என்று எழுதுவார். அதற்கு முன் அடுத்தடுத்து வந்த மூன்று இதழ்களையும் பக்கத்தில் பரப்பிப் பாருங்கள். ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ 497-இல் பக்கத்துக்கு நான்கு கட்டம். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 684-இல் மூன்று. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ 19-இல் இரண்டு. கடைசியாக 75-இல் ஒன்று. நான்கு வேறு தொடர்கள், நான்கு வேறு குழுக்கள், ஒரே கவுன்ட் டவுன். கதையின் நேரம் சுருங்கச் சுருங்கப் படம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. இது தெரிந்த பிறகும் அந்தக் கதை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், சண்டையைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் என் கருத்தும். ஆனால் சோம்பேறித்தனமாக வரைந்திருக்கிறார்கள் என்று இனி எழுத முடியாது.

ஒலி எழுத்துகளையும் விடாதீர்கள். 1973 ஜூன் தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121: ஜெர்ரி கான்வே எழுத்து, கில் கேன் ஓவியம். வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான், ஸ்பைடர்மேன் வலை வீசுகிறான், வலை அவள் காலைப் பிடிக்கிறது. அந்தக் கட்டத்தில் வலை பிடித்த இடத்தில் ஒரு சத்தம் எழுதியிருக்கும். அவள் தலைக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம், சின்னதாக: ‘ஸ்னாப்’. பலர் அதைக் கவனிக்காமலே தாண்டியிருப்பார்கள். அதே கதையில் வில்லன், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் முன்பே உயிர் போய்விடும் என்கிறான். ஆக அவளைக் கொன்றது விழுந்த வேகமா, காப்பாற்றப் போட்ட வலையா? வசனம் ஒன்று சொல்கிறது, நான்கு எழுத்து ஒலி இன்னொன்று சொல்கிறது. போதாக்குறைக்குக் கதையின் தலைப்பே முதல் பக்கத்தில் கிடையாது. யார் சாகப் போகிறார் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கடைசிப் பக்கத்தில்தான் வரும். ‘க்வென் இறக்கும் காட்சி நெஞ்சை உருக்குகிறது’ என்ற பொதுவான வரியை விட, இப்படி ஒரு கட்டத்தை விரல் வைத்துக் காட்டும் பத்தி பத்து மடங்கு மேல்.

பக்கத்தைத் திருப்பும் இடமும் முக்கியம். அதிர்ச்சியான படம் வலப்பக்கத்தில் இருந்தால் கண் முன்கூட்டியே அங்கே ஓடிவிடும். திருப்பியதும் வரும் இடப்பக்கத்தில் இருந்தால்தான் அடி விழும். தனி இதழில் விளம்பரங்கள் நடுவில் புகுந்து இந்தக் கணக்கைக் கெடுத்திருக்கலாம். விளம்பரம் எடுக்கப்பட்ட தொகுப்பில் அது வேறு மாதிரி விழும். எந்தப் பதிப்பில் படித்தீர்கள் என்று விமர்சனத்தில் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வண்ணம். ஜோக்கரின் பழைய கதையைச் சொல்லும் ‘தி கில்லிங் ஜோக்’ 1988-இல் ஜான் ஹிக்கின்ஸின் பளீர் வண்ணங்களோடு வந்தது. 2008 பதிப்புக்கு ஓவியர் பிரையன் போலண்டே மறுபடி வண்ணம் போட்டார். ப்ளாஷ்பேக் காட்சிகளில் நிறம் வடிந்துபோய், ஒன்றிரண்டு பொருள்களில் மட்டும் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஒருவர் முதல் பதிப்பையும் மற்றவர் பிந்தையதையும் வைத்துக்கொண்டு அதன் சூழலைப் பற்றிச் சண்டை போட்டால், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

ஓவியரின் பென்சில் கோடுகள் மேல் மை தீட்டியவரைக் கண்டுகொள்ளப் பழகக் கொஞ்ச காலம் ஆகும். எளிய பயிற்சி: கர்பியின் பென்சிலுக்கு ஜோ சின்னாட் மை தீட்டிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ ஒன்றையும், வின்ஸ் கொலெட்டா மை தீட்டிய ‘தோர்’ ஒன்றையும் அருகருகே வையுங்கள். முன்னதில் கோடு தடிமனாக, பளபளவென்று இருக்கும். பின்னதில் மெல்லிய கீறல்கள். ஓவியர் ஒருவர்தான், ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

நினைவுக் குறிப்பைப் பிரிக்கும் நேரம்

இப்போது அந்த அரைப் பக்கத்தை எடுத்துப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுங்கள். இல்லாத காட்சி ஒன்று நினைவில் இருந்திருக்கும். முழு இதழும் ஓடியதாக நினைத்த சண்டை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். நினைவிலேயே இல்லாத ஒரு துணைப் பாத்திரம் இப்போது கதையைத் தூக்கி நிறுத்தும். உங்கள் விமர்சனம் தொடங்க வேண்டியது இந்த இடைவெளி எங்கே அதிகமோ அங்கேதான். ஏன் அப்படி நினைவிருந்தது என்றும் யோசியுங்கள். ஓவியரின் ஒரு பெரிய படம் மற்றதை எல்லாம் மூடிவிட்டதா? பிற்காலத்தில் வந்த மாற்றம் புகுந்துவிட்டதா?

அந்தக் கடைசி வகை அடிக்கடி வரும். 1980-இல் ‘எக்ஸ்-மென்’ 137-இல் ஜீன் கிரே இறக்கிறாள். 1986-இல் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, இறந்தது அவளே அல்ல என்று மாற்றிவிட்டார்கள். 137-ஐ விமர்சிக்கும்போது அந்தத் திருத்தத்தை உள்ளே இழுக்காதீர்கள். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் அன்று அது உண்மையான சாவு, அப்படியே படியுங்கள்.

எழுதும்போது

கதைச்சுருக்கம் ஒரு பத்தி, அதற்கு மேல் போனால் வெட்டுங்கள். முடிவை உடைக்கப் போகிறீர்கள் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எவ்வளவு பழைய கதையாக இருந்தாலும் முதல்முறையாகப் படிக்கப் போகிறவர் ஒருவர் இருப்பார்.

‘அந்தக் காலத்துக்கு ஓகே’ என்ற வரியை எழுதாதீர்கள். அது பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. காலத்தால் வந்த பழக்கம் எது, கதையின் பலவீனம் எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அறுபது எழுபதுகளின் இதழ்களில் படத்தில் தெரிவதையே வரியிலும் சொல்வார்கள், ஹீரோ தன் சக்தியைத் தானே விளக்கிக்கொள்வான். எந்த இதழும் ஒருவருக்கு முதல் இதழாக இருக்கலாம் என்பதற்காகச் செய்தது அது. எரிச்சலாக இருந்தால் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: 11 பக்கத்தில் சொல்லி முடித்த ஸ்பைடர்மேன் தொடக்கக் கதையை 2000-இல் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ ஏழு இதழுக்கு நீட்டியது. அதில் பீட்டரின் வீடும் பள்ளியும் நன்றாக உயிர்பெறுகின்றன. பழையதின் வேகமும் அதன் கடைசி அடியும் அதில் இல்லை. எது உங்களுக்கு வேலை செய்தது என்பதை எழுதுங்கள்.

சில விஷயங்களை எந்தக் காரணமும் காப்பாற்றாது. ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 1961-இல் தொடங்கியபோது அதன் நாயகி சூ ஸ்டார்முக்குப் பட்டம் ‘இன்விசிபிள் கேர்ள்’. திருமணமாகி, குழந்தை பெற்ற பிறகும் அந்தப் பட்டம் மாறவில்லை. ‘வுமன்’ ஆனது 1985-இல். ஆரம்ப இதழ்களில் அவள் மயங்கி விழும் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். பிடித்த தொடர் என்பதற்காக இதைப் பூசி மெழுக வேண்டாம். இதற்காக மொத்தத் தொடரையும் தூக்கிப் போடவும் வேண்டாம்.

மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம், நான் போடுவதில்லை. போட்டால், பிரதியின் நிலைக்குக் கொடுக்கும் 0.5 முதல் 10 வரையான மதிப்பெண்ணோடு குழம்பாதபடி வேறு முறையில் போடுங்கள். அது தாளுக்கான எண், கதைக்கானது அல்ல. விற்பனையும் அப்படித்தான். 1991-இன் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் 80 லட்சத்துக்கும் மேல் அச்சாகிக் கடைகளுக்குப் போனது, ஐந்து விதமான அட்டைகளோடு. அதை வைத்து உள்ளே இருக்கும் கதை நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாகப் படம். நீங்கள் பேசும் கட்டத்தை மட்டும் எடுங்கள், முழுக்கதையையும் பக்கம் பக்கமாகப் போடாதீர்கள். ஃப்ளாஷ் வேண்டாம், பளபளப்பான தாளில் வெள்ளைப் பொட்டு விழும். நேரடி வெயில் படாத ஜன்னல் வெளிச்சம் போதும். நடுப்பகுதி வளைந்து தெரிகிறதே என்று முதுகை அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள். வளைந்த பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் போடுங்கள், அடியில் தொடரின் பெயர், இதழ் எண், ஓவியர், மை தீட்டியவர், வண்ணக்கலைஞர், எழுத்து வரைந்தவர் எல்லார் பெயரும் வரட்டும்.